உளுந்துக்கு உறங்கிய பிள்ளை

எனக்கு எழுபத்திரண்டு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்தேன். ஆறு பேரும் நல்லபடியாக இருக்கிறார்கள். ஆறு பேருக்கும் பல் வரிசையாக முளைத்தது, ஒருத்தருக்கும் கால் வளையவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனி எழுதப்போவதைப் படித்துவிட்டு, இந்தக் கிழவிக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியாதோ என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். ஒரு பக்கம் எழுத ஒரு நாள் ஆகும். ஆனாலும் நானே எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இந்தக் கதை மூன்று விதமாகச் சுற்றுகிறது. நாங்கள் மாவு வியாபாரம் ஆரம்பித்து அது படுத்துவிட்டது என்று டீக்கடையில் சொல்கிறார்கள். எனக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று எதிர் வீட்டில் சொல்கிறார்கள். தேவதானப்பட்டியில் என் சம்பந்தியம்மா சொல்லும் கதையில் அவர் பிடித்த விசிறிதான் எல்லாவற்றையும் விடப் பெரிதாக இருக்கிறது. நடந்தது நடந்தபடி என்னிடம்தான் இருக்கிறது.

என் கடைசி மகளுக்குக் கல்யாணமாகி ஏழு வருடம் கழித்துத்தான் பிள்ளை உண்டாயிற்று. முப்பத்து மூன்று வயதில் முதல் பிரசவம். தேனியில் ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். ஆண் பிள்ளை. ஐந்தாம் நாள் தாயையும் பிள்ளையையும் எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்தோம். கம்பத்திலிருந்து சுருளிப்பட்டிக்குப் போகும் வழியில், திராட்சைத் தோட்டத்தை ஒட்டி எங்கள் வீடு. வீட்டில் நானும் என் வீட்டுக்காரரும்தான். அவரும் ராத்திரியில் வீட்டில் இருப்பதில்லை. தோட்டத்து மோட்டார் ரூமில் படுத்துக்கொள்வார். மோட்டாருக்கு வேண்டிய கரண்ட் நடுச்சாமத்தில் வருகிறது, எழுந்து தண்ணீர் பாய்ச்ச வசதி என்று கேட்பவர்களிடம் சொல்வோம். உண்மை என்னவென்றால் அவர் விடும் குறட்டை. அதற்காகத்தான் நான் அவரை அங்கே அனுப்பிப் பதினைந்து வருடம் ஆகிறது.

மருமகன் வீடு தேவதானப்பட்டியில். கீழே மளிகைக் கடை, மேலே வீடு. பிள்ளை பிறந்த அன்றே சம்பந்தியம்மா என்னிடம் சொன்னார்.

"மதினி, குமுளிப் பக்கமிருந்து ஒரு சேச்சி வருவாக. பிள்ளைக்கும் தாய்க்கும் எண்ணெய் தேச்சு, குளிக்க ஊத்தி, எல்லாம் பாத்துக்கிருவாக. அனுப்பவா?"

"எதுக்கு மதினி? ஆறு பிள்ளை வளத்தவ நான். எனக்குப் பிள்ளை வளக்க ஆள் வேணுமா?"

"இல்ல, ஒறக்கம் கெடுமேன்னு சொன்னேன்."

"ஆறு பிள்ளைக்குக் கெடாத ஒறக்கமா இந்த ஒண்ணுக்குக் கெடப்போகுது?"

அந்தச் சேச்சி நல்ல பெண்பிள்ளை என்று பிறகு கேள்விப்பட்டேன். அவர் வந்திருந்தால் நான் இதையெல்லாம் எழுத வேண்டியிருந்திருக்காது.

பிள்ளை உறங்கவே இல்லை. பிள்ளை உறங்காது என்று எல்லோரும் சொல்வதுதான், ஆனால் இது வேறு மாதிரி. தொட்டிலில் போட்டால் அழுகை. மடியில் போட்டால் அழுகை. தோளில் போட்டு நடந்தால் நடக்கும் வரைக்கும் அரைக்கண் மூடும், நின்றால் முழுக்கண் திறக்கும். வயிறு பார்த்தேன், காது பார்த்தேன், திருஷ்டி கழித்தேன். மிளகாய் நெடி கூட வந்தது, அழுகை நிற்கவில்லை. மகளோ ஆபரேஷன் தையலோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பால் கொடுப்பாள். கொடுத்து முடித்துச் சாய்வதற்குள் அடுத்த அழுகை வந்துவிடும்.

ஒன்பது நாளில் அவள் கண் இரண்டும் உள்ளே போய்விட்டன. ஒரு நாள் என்னிடம் கேட்டாள்.

"அம்மா, எனக்கு நகை நட்டு ஒண்ணும் வேணாம். மூணு மணி நேரம், விடாம, ஒரே ஒறக்கம். அது போதும். எங்கயாச்சும் கெடைக்குமா?"

"எல்லாம் சரியாப் போகும்த்தா. நானெல்லாம் ஆறு பெத்தேன்."

"நீ எப்படிம்மா உறங்குன?"

"உறங்கத்தான் செஞ்சேன்" என்றேன். அவள் என்னையே பார்த்தாள். நான் எழுந்து பூண்டு உரிக்கப் போய்விட்டேன்.

உறக்கம் இல்லாமல் எனக்கும் கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் போனது. கண்ணாடியை அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டு இரண்டு நாள் தேடினேன். பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டே வெறும் தொட்டிலை ஒரு மணி நேரம் ஆட்டினேன். சாம்பிராணிப் புகையைப் பிள்ளைக்குக் காட்டுவதற்குப் பதில் தலையணைக்குக் காட்டினேன். இதெல்லாம் பெரிதில்லை. சாப்பாட்டுத் தட்டு மாறியதுதான் பெரிது.

பச்சை உடம்புக்காரிக்கு நான் பத்தியச் சாப்பாடு தனியாகச் செய்வேன். காரம் இருக்காது, பூண்டு நிறைய இருக்கும், பால் ஊறுவதற்குச் சுறாக் கருவாடு இருக்கும். சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு உருண்டை பிரசவ லேகியம். வீட்டுக்காரருக்கு வழக்கம்போல மிளகாய் அரைத்த மீன் குழம்பு. இரண்டும் இரண்டு தட்டு. மூன்று நாளாக இரண்டையும் மாற்றி மாற்றி வைத்திருக்கிறேன். மகள் மீன் குழம்பைச் சப்புக்கொட்டிச் சாப்பிட்டிருக்கிறாள், வாயே திறக்கவில்லை. அவரும் வாய் திறக்கவில்லை. நாலாம் நாள்தான் மெதுவாகக் கேட்டார்.

"ஏத்தா, எனக்கு என்ன வியாதின்னு டாக்டர் சொன்னாக? என்னன்னாலும் மறைக்காம சொல்லு."

"உங்களுக்கு என்ன வியாதி? கல்லு மாதிரி இருக்கீக."

"பெறகு எதுக்கு மூணு நாளா உப்பு ஒறைப்பு இல்லாமப் போடுற? கறுப்பா ஒரு உருண்டை வேற குடுக்குற. நானும் முழுங்கிட்டுத்தான் இருக்கேன்."

மகள் சிரித்த சிரிப்பில் தையல் வலித்து அழுதுவிட்டாள். "அம்மா, அப்பாவுக்குப் பால் ஊறியிருக்கும், பாரு" என்றாள். அவர் எழுந்து தோட்டத்துக்குப் போனவர் சாயங்காலம் வரை வரவில்லை. ஆனால் அந்த லேகியத்தில் அவர் முட்டி வலி போய்விட்டது. அது தனிக் கதை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மருமகன் வந்தார். மகளைக் கூட்டிக்கொண்டு தையலைக் காட்டப் போனார். டாக்டரம்மா தையலைப் பார்த்ததைவிட முகத்தைத்தான் அதிகம் பார்த்தார்களாம். "இந்தப் பெண்ணுக்கு உறக்கம் வேண்டும். உறக்கம் இல்லாமல் புண்ணும் ஆறாது, மனசும் ஆறாது. இப்படியே போனால் திரும்ப ஆஸ்பத்திரியில் படுக்க வைக்க வேண்டியிருக்கும்" என்று சொல்லி அனுப்பினார்கள். மருமகன் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவர் அம்மாவிடம் சொல்லிவிட்டார். மறுநாளே போன் வந்தது.

"மதினி, கோவிச்சுக்கிராதீக. அடுத்த புதன்கிழமை நான் கார் எடுத்துட்டு வர்றேன். அதுக்குள்ள பிள்ளையும் தாயும் நல்லா உறங்கி எந்திரிச்சாகன்னா அங்கனயே இருக்கட்டும். இல்லாட்டி கையோட கூட்டியாந்துர்றேன். இங்கன ஆள் இருக்கு."

ஆள் இருக்கிறது, படுக்கத்தான் இடமில்லை. மகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கடைச் சாமான் பாதி மேல் வீட்டில்தான் இருக்கும். கொழுந்தன் பிள்ளைகள், வந்து போகும் ஆட்கள், பகலில் மாமனார் நடுக்கூடத்தில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். அவர் எதிரில் மருமகள் கால் நீட்ட முடியுமா? போதாததற்கு இரண்டு மணி நேரம் காரில் குலுங்கிக்கொண்டு போக வேண்டும், வயிற்றில் தையலோடு.

"அம்மா, அங்கன போனா படுக்க முடியாது. இங்கன படுக்கலாம், ஒறங்க முடியாது" என்றாள் மகள். "நீ எப்படியாச்சும் இவனை ஒறங்க வச்சிரு. உன் கால்ல விழுகுறேன்."

பெற்ற மகள் அப்படிச் சொன்னால் எப்படி இருக்கும்? எனக்கு இருந்தது ஒன்பது நாள்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி. பிள்ளை விடிந்ததிலிருந்து அழுதுகொண்டிருந்தது. மகள் சுவரில் சாய்ந்து, கண்ணைத் திறந்தபடியே கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். வீட்டில் மாவு தீர்ந்திருந்தது. யார் அழுதாலும் பச்சை உடம்புக்காரிக்கு இட்லி வேண்டும். நான் அடுப்படிக்குப் போய்க் கிரைண்டரில் உளுந்தைப் போட்டுச் சுவிட்சைத் தட்டினேன். எங்கள் கிரைண்டர் பெரியவன் கல்யாணத்தில் வந்தது. பெரிய கல். ஓடினால் கொரகொரவென்று சுவர் எல்லாம் பேசும்.

அழுகை நின்றுவிட்டது.

எனக்கு உயிரே இல்லை. ஈரக் கையோடு ஓடிப்போய்ப் பிள்ளையின் மூக்கில் விரலை வைத்துப் பார்த்தேன். மூச்சு வந்தது. நன்றாக வாயைப் பிளந்து உறங்கிக்கொண்டிருந்தது. சரி, இந்தச் சத்தத்தில் எழுந்துவிடப் போகிறதே என்று ஓடிப்போய்க் கிரைண்டரை நிறுத்தினேன். வீல் என்று கத்தியது. திரும்பப் போட்டேன், நின்றது. நிறுத்தினேன், கத்தியது. இப்படி ஐந்து தடவை சோதித்துப் பார்த்தேன். ஆறாவது தடவை சோதிக்கலாம் என்று திரும்பினால், மகள் சுவரில் சாய்ந்தபடியே வாயைப் பிளந்து உறங்கிக்கொண்டிருந்தாள். தாயும் பிள்ளையும் ஒரே மாதிரி. சுவிட்சில் இருந்து கையை எடுத்துவிட்டேன்.

உளுந்து அரைபட முக்கால் மணி நேரம். அரிசி அரைபட இன்னொரு முக்கால். அதற்குப் பிறகு?

வெறும் கிரைண்டரை ஓட்டலாமே என்று படிப்பவர்கள் கேட்பீர்கள். வீட்டுக்காரரும் அதைத்தான் கேட்டார். வெறும் கல்லைச் சுற்ற விடுவது வீட்டுக்கு ஆகாது. கல்லும் கல்லும் உரசி மண் கொட்டும். ஆறு பிள்ளை வளர்த்த வீட்டில் நான் அதைச் செய்ய மாட்டேன். "தண்ணியவாச்சும் ஊத்தி ஓட்டு" என்றார். ஊற்றினேன். பிள்ளை ஒரு கண்ணைத் திறந்து பார்த்தது. தண்ணீர் என்று அதற்குத் தெரிந்துவிட்டது. அரிசிக்குப் புரண்டு புரண்டு படுக்கும். உளுந்துக்குத்தான் அசையாமல் உறங்கும். பதினோரு நாள் பிள்ளைக்கு இவ்வளவு ருசி பேதம்.

ஆகவே உளுந்து அரைத்தேன். ஒரு சட்டியில் ஊறும்போது ஒரு சட்டி அரைபடும். அவர் கம்பத்துக்குப் போய் மூட்டையாக உளுந்து வாங்கி வண்டியில் வைத்துக்கொண்டு வந்தார். மகள் காலையில் ஒரு உறக்கம், மத்தியானம் ஒரு உறக்கம் உறங்கினாள். நாலாம் நாள் கன்னத்தில் கொஞ்சம் நிறம் வந்தது. தானாக எழுந்து தலை வாரிக்கொண்டாள்.

மாவு என்ன ஆயிற்று என்று சொல்ல வேண்டும். முதலில் ஃப்ரிட்ஜ் நிறைந்தது. பிறகு குக்கர், தூக்குவாளிகள், பொங்கல் பானை. கடைசியில் பித்தளைக் குடத்தில் ஊற்றி வைத்தேன். அன்றைக்கு வெயில். மாவு புளித்துப் பொங்கி, குடத்து வாய் வழியாக வெளியே வந்து, அடுப்படி வாசற்படி வரை நடந்து வந்துவிட்டது. நான் அதில் கால் வைத்து, பிடிக்கக் கதவு இருந்ததால் பிழைத்தேன்.

அக்கம்பக்கத்தில் கொடுத்தேன். முதல் நாள் சந்தோஷமாக வாங்கினார்கள். இரண்டாம் நாளும் வாங்கினார்கள். மூன்றாம் நாள் எதிர் வீட்டு மருமகள், "அத்தை, எங்க வீட்டுல எல்லாருக்கும் சுகரு, இட்லி ஆகாது" என்றாள். நேற்று வரை ஆனது. நாலாம் நாள் நான் வாளியோடு தெருவில் இறங்கினதும் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. மாட்டுக்கு வைத்தேன். இரண்டு வேளை குடித்தது. மூன்றாம் வேளை என்னைப் பார்த்ததும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டது.

டீக்கடைக்காரி மட்டும் வீடு தேடி வந்தாள்.

"அத்தை, மாவு போடுறீகளாமே. தினம் எனக்கு ஒரு குடம் குடுத்துருங்க."

"நாங்க மாவு விக்கிறவுக இல்ல."

"பெறகு எதுக்கு இம்புட்டு அரைக்கிறீக?"

அதற்குப் பதில் சொல்ல என் மானம் இடம் கொடுக்கவில்லை. ஆறு பிள்ளை வளர்த்தவள், ஏழாவதை உறங்க வைக்கத் தெரியாமல் கிரைண்டரை வைத்து உறங்க வைக்கிறாள் என்று தெருவுக்குத் தெரிந்தால் என்ன ஆவது? "சும்மாதான். எடுத்துட்டுப் போ" என்று குடத்தைக் கொடுத்தேன். இரண்டு குடம் கொண்டு போனாள்.

மகளிடமும் நான் உள்ளதைச் சொல்லவில்லை. அவளுக்குக் கிரைண்டர் ஓடுவது தெரியும், அதற்காகத்தான் ஓடுகிறது என்று தெரியாது. ஓட ஆரம்பித்ததும் அவளும் உறங்கிவிடுகிறாள், எங்கே கவனிப்பது? "என்னம்மா பண்ணுன?" என்று கேட்டாள். "தாலாட்டுப் பாடுனேன்" என்று சொல்லிவிட்டேன். அவள் அதை அப்படியே புருஷனிடம் சொல்ல, அவர் அம்மாவிடம் சொல்ல, சனிக்கிழமை போன் வந்தது. அந்த நேரம் பார்த்துக் கிரைண்டர் ஓடிக்கொண்டிருக்கிறது.

"மதினி, உங்க தாலாட்டுல பிள்ளை கெறங்கிப் போயிருதாமே!"

"ஏதோ நமக்குத் தெரிஞ்சதைப் பாடுறது."

"அது என்ன மதினி கொரகொரன்னு ஒரு சத்தம்?"

எனக்கு எங்கிருந்து வாயில் வந்ததோ தெரியவில்லை. "சுதி" என்றேன்.

"சரி மதினி. புதன்கிழமை வந்து நேர்லயே கேக்குறேன்" என்று வைத்துவிட்டார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மருமகன் வந்தபோது நாலு தூக்குவாளி மாவைக் கட்டாயப்படுத்திக் கொடுத்தனுப்பினேன். அது தப்பு என்று அப்போது தோன்றவில்லை.

புதன்கிழமைக்கு எல்லாம் தயாராக வைத்திருந்தேன். இரண்டு படி உளுந்து ஊறிக்கொண்டிருந்தது. சம்பந்தியம்மா வந்ததும் அவரைக் கூடத்தில் உட்கார வைத்துவிட்டு, நான் அடுப்படியில் கிரைண்டரைப் போட்டுக்கொண்டே பாடுவதாகத் திட்டம். இட்லிக்கு அரைக்கிறேன் என்றால் யார் என்ன கேட்கப்போகிறார்கள்?

சரியாக ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது. மாதத்தில் ஒரு நாள் வயரெல்லாம் சரி பார்ப்பதற்காகச் சாயங்காலம் வரை நிறுத்துவார்கள். வீட்டுக்காரருக்கு முதல் நாளே தெரியும். "சொன்னா நீ கவலைப்படுவேன்னு சொல்லல" என்றார். அதுவரை ஓடிக்கொண்டிருந்த கொரகொரப்பு நின்றது. பிள்ளை எழுந்தது. தெருவில் கார் வந்து நின்றது.

சம்பந்தியம்மா பட்டுக்கரைச் சேலையும் பெரிய பையுமாக இறங்கினார். பையில் பிள்ளைக்கு வெள்ளி அரைஞாண், மகளுக்குப் பேரீச்சம்பழம், ஒரு தலையணை, ஒரு போர்வை. தலையணையைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. காரில் மகளைச் சாய்த்துக்கொண்டு போவதற்கு. மகளுக்கும் புரிந்துவிட்டது. அவள் முகம் மறுபடியும் பத்து நாளைக்கு முந்தைய முகமாகிவிட்டது.

"பாடுங்க மதினி" என்றார் சம்பந்தியம்மா, உட்கார்ந்துகொண்டு.

பாடினேன். ஆறு பிள்ளைக்குப் பாடின அதே பாட்டு. பிள்ளை ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தது. பிறகு இதுவரை அழாத ஒரு புது அழுகை அழுதது. நான் சத்தத்தைக் கூட்டினேன். அதுவும் கூட்டியது. தொழுவத்தில் மாடு கத்தியது.

"இன்னிக்குச் சுதி இல்லையோ?" என்றார் சம்பந்தியம்மா.

நான் தொட்டில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மகள் என் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பிறகு பொய் சொல்ல முடியவில்லை. எழுபத்திரண்டு வருடத்தில் நான் யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன்.

"மதினி, எனக்குத் தெரியல. பாட்டெல்லாம் இல்ல. கிரைண்டர்ல உளுந்து ஓடுனாத்தான் ஒறங்குறான். நானும் என்னென்னமோ பண்ணிப் பாத்துட்டேன். எனக்கு இவனை ஒறங்க வைக்கத் தெரியல. எனக்கே ஒறங்கிப் பதினஞ்சு நாளாச்சு."

"தெரியும் மதினி. நாலு தூக்கு மாவு வந்தப்பவே தெரியும்" என்றார் அவர். "எங்க வீட்டுல இன்னும் ஊத்தப்பந்தான் ஓடிக்கிட்டிருக்கு."

பிள்ளை மட்டும் பேசிக்கொண்டிருந்தது. மகள் உதட்டைக் கடித்துக்கொண்டு பேரீச்சம்பழத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்காரர் சம்பந்தியம்மாவுக்கு மரியாதையாக ஒரு வணக்கம் போட்டுவிட்டுக் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ராத்திரி முழுவதும் தண்ணீர் பாய்ச்சிய மனுஷன். ஃபேனும் இல்லை, நல்ல புழுக்கம். நாங்கள் இங்கே மானத்துக்கும் அவமானத்துக்கும் நடுவில் நிற்கும்போது, அவர் தலை பின்னால் சாய்ந்தது. வாய் திறந்தது. குறட்டை வந்தது.

பிள்ளை பாதி அழுகையில் நின்றது.

மூன்று பேரும் அசையவில்லை. கொர்ர்ர் என்று ஒன்று போனது. பிள்ளையின் கண் சொருகியது. இன்னொன்று போனது. மூடிவிட்டது. நல்ல பதத்துக்கு அரைபடும் உளுந்தின் சத்தம், ஒரு இம்மியும் குறைவில்லை. பதினைந்து வருடமாக எதை நான் மோட்டார் ரூமுக்குத் துரத்தினேனோ அது.

"அண்ணனா இது!" என்று சம்பந்தியம்மா வாயில் கை வைத்தார். அந்தச் சத்தத்தில் வீட்டுக்காரர் விழித்துக்கொண்டார். சம்பந்தி முன்னால் உறங்கிவிட்ட வெட்கத்தில் எழுந்து நின்று வேட்டியைச் சரி செய்தார். பிள்ளை கத்த ஆரம்பித்தது.

"உக்காருங்க" என்றேன். "ஒறங்குங்க."

"என்னத்தா?"

"ஒறங்குங்க. கொறட்டை விடுங்க. நல்லா சத்தமா."

"நேத்து வரைக்கும் வீட்டுக்குள்ள படுக்காதன்னு சொன்ன?"

"அது நேத்து."

அவர் கண்ணை மூடினார். ஒரு கண்ணைத் திறந்தார். "ஒறங்குன்னு சொன்னா எப்படி ஒறங்குறது? எல்லாரும் சுத்தி நின்னு பாக்குறீக. சம்பந்தியம்மா வேற இருக்காக."

"அண்ணே, நான் அங்கிட்டுத் திரும்பிக்கிறேன். நீங்க கூச்சப்படாம ஒறங்குங்க" என்று சம்பந்தியம்மா சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார்.

அப்படியும் வரவில்லை. நான் ஒரு பெரிய கும்பா பழைய சோற்றில் கெட்டித் தயிரை ஊற்றிக் கொடுத்தேன். கட்டிலில் படுக்க வைத்தேன். பக்கத்தில் துணியில் பொதிந்து பிள்ளையைப் போட்டேன். ஆறு பிள்ளையில் ஒன்றைக்கூட அதற்கு மூன்று மாதம் ஆகும் முன்னால் தொட்டவரில்லை அவர். உடைந்துவிடும் என்று பயப்படுவார். இப்போதும் கையை நெஞ்சில் கட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, விறைத்துப்போய்ப் படுத்திருந்தார். புழுக்கத்தில் வேர்வை ஊற்றியது. சம்பந்தியம்மா எழுந்தார், சுவரில் மாட்டியிருந்த பனையோலை விசிறியை எடுத்தார், பட்டுக்கரைச் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, முகத்தை மட்டும் மரியாதைக்கு அந்தப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு விசிற ஆரம்பித்தார். விசிறியது உண்மை. அதை நான் மறைக்கவில்லை.

ஐந்து நிமிடத்தில் தயிர் வேலை செய்தது. கொரகொரவென்று ஆரம்பித்தார். பிள்ளை அடங்கியது. நான் மகளைக் கையைப் பிடித்து உள் அறைக்குக் கூட்டிப்போய்ப் படுக்க வைத்தேன். "பாலுக்கு அழுதா?" என்றாள். "எழுப்புறேன்" என்றேன். சொல்லி முடிக்குமுன் உறங்கிவிட்டாள். அப்போது மணி பதினொன்று இருக்கும்.

நாங்கள் இரண்டு பேரும் கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்து கை மாற்றி மாற்றி விசிறினோம். நான்தான் மெதுவாக ஆரம்பித்தேன்.

"கூட்டிட்டுப் போகத்தான் வந்தீக. கூட்டிட்டுப் போங்க மதினி. அவ ஒறங்கணும், அதான் வேணும். என் பவுசைப் பாத்துக்கிட்டு இருந்தா ஆகாது."

அவர் விசிறியை நிறுத்தினார்.

"ஒண்ணு சொல்றேன், யார்ட்டயும் சொல்லாதீக மதினி. அங்கன கூட்டிட்டுப் போனா நான்தான் முழிச்சிருக்கணும். ஆள் இருக்குன்னு போன்ல சொன்னேன், அந்தச் சேச்சி வேற வீட்டுக்குப் போயிட்டாக, எம் மகளும் வரமாட்டேன்னுட்டா. எனக்கு இடுப்பும் முடியல, முட்டியும் முடியல. கார்ல வரும்போது பெரியகுளத்துல இருந்து வேண்டிக்கிட்டே வந்தேன். நீங்க சண்டை போட்டு, அனுப்ப மாட்டேன்னு சொல்லிறணும்னு."

"சொல்லியிருப்பேனே மதினி!"

"நீங்க எங்க சொன்னீக? கூட்டிட்டுப் போங்கன்னுட்டீக!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்துவிட்டது. கட்டிலில் குறட்டை நின்றுவிடுமே என்று முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தோம். இரண்டு பேரும் சேர்ந்து ஒன்பது பிள்ளை பெற்றவர்கள். இரண்டு பேருக்கும் நூற்று நாற்பது வயதுக்கு மேல் இருக்கும்.

இடையில் ஒரு தடவை பிள்ளை பாலுக்குச் சிணுங்கியது. படுத்திருந்த மகளிடமே கொண்டுபோய் வைத்துக் குடிக்க விட்டேன். அவள் கண்ணைக்கூடத் திறக்கவில்லை. பிள்ளையைத் திரும்பக் கொண்டுவந்து கட்டிலில் போட்டேன். நாலு மணிக்கு மேல் கரண்ட் வந்தது, ஃபேன் சுற்றியது. மகள் அடித்துப் பிடித்து எழுந்து வந்தாள். "பிள்ளை எங்க?" என்றாள். கட்டிலில் தாத்தாவும் பேரனும் வாயைப் பிளந்து உறங்கிக்கொண்டிருந்தார்கள். கீழே தரையில் சம்பந்தியம்மா, காருக்குக் கொண்டுவந்த தலையணையைத் தலைக்கு வைத்து உறங்கிக்கொண்டிருந்தார். நான் மட்டும்தான் விழித்திருந்தேன். நானும் விழித்திருந்தேன் என்று சொல்ல முடியாது, விசிறி கையில் இருந்தது.

"எம்புட்டு நேரம்மா ஒறங்குனேன்?"

"அஞ்சு மணி நேரத்துக்கு மேல."

அவள் என் பக்கத்தில் மெதுவாக உட்கார்ந்தாள். முகம் கழுவின மாதிரி இருந்தது. தோளில் சாய்ந்துகொண்டு அதே கேள்வியை மறுபடியும் கேட்டாள். "ஆறு பிள்ளைக்கு நீ எப்படிம்மா ஒறங்குன? நெசத்தைச் சொல்லு."

"தெரியலத்தா" என்றேன். "ஞாபகமே இல்ல. பெரியவன் பொறந்ததுல இருந்து நீ பள்ளிக்கூடம் போற வரைக்கும் என்ன நடந்துச்சுன்னு யாராச்சும் கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது. ஒறங்கவே இல்ல போல."

அவள் என் கையில் இருந்த விசிறியை வாங்கி எனக்கு விசிறினாள். அதற்குப் பிறகு எனக்கு நினைவில்லை. விடிந்துதான் எழுந்தேன்.

சம்பந்தியம்மா ஒரு நாளுக்கு வந்தவர் பன்னிரண்டு நாள் இருந்தார். காரைத் திருப்பி அனுப்பிவிட்டோம். பகலில் அவர் முறை, சாயங்காலம் என் முறை, ராத்திரிக்கு வீட்டுக்காரர். தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சக் கம்பத்தில் இருக்கும் பெரியவன் வந்து போனான். மகளுக்குத் தையல் ஆறிவிட்டது. மறுமுறை போனபோது டாக்டரம்மா என்ன மருந்து சாப்பிட்டாய் என்று கேட்டார்களாம். இவள் சிரித்திருக்கிறாள், சொல்லவில்லை.

அதுதான் நடந்தது. எழுதி முடிக்கப் பதினோரு நாள் ஆயிற்று. மகள் இப்போது உள்ளே படுத்திருக்கிறாள். இன்னும் ஒரு மாதம் இங்கேதான் இருப்பாள். இதை அவளும் கேட்கட்டும் என்று, லீவுக்கு வந்திருக்கும் பெரியவன் மகளைக் கூப்பிட்டேன். ஒன்பதாவது படிக்கிறாள், என் எழுத்து அவளுக்கு மட்டும்தான் புரியும்.

"ஏத்தா, இங்கன வா. உங்க அத்தை பக்கத்துல உக்காந்து இதை மொதல்ல இருந்து எனக்கு வாசிச்சுக் காட்டு. அவசரப்படாம வாசி. நடுவுல உங்க அத்தை ஒறங்கிட்டான்னா அங்கனயே நிப்பாட்டிரு."